பாஸ்போர்ட்டை வாங்கி வைத்த வீடு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை நான் எங்கும் மறைப்பதில்லை. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இரண்டு கடை, மோர்டனில் ஒன்று. மூன்றும் நானே சாமான் தட்டு அடித்து, நானே அரிசி மூட்டை சுமந்து உண்டாக்கியவை. இத்தனை வருடத்தில் என்னை ஏமாற்றிவிட்டு என் கடை வாசலால் ஒருவனும் வெளியே போனதில்லை. படித்தவர்கள் கடதாசியை நம்புவார்கள். நான் ஆளின் கண்ணையும் கையையும் பார்ப்பேன்.

புதிதாய் ஒருவர் வேலைக்கு வந்தால் அவருக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. ஸ்டொக் அறையில் ஒரு பெட்டியில் இருந்து இரண்டு சாமானை நானே எடுத்து ஒளித்துவிடுவேன். பின்னேரம் அந்தப் பெட்டியைச் சரிபார்க்கச் சொல்லுவேன். குறைகிறது என்று நேரே வந்து சொல்லுகிறவர் என்னிடம் பத்து வருடம் நிற்பார். எல்லாம் சரி என்கிறவர் அந்தக் கிழமையோடு சரி. இந்தப் பரீட்சை ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை. ஸ்பெயினில் ஒரு கிராமத்து வீட்டில் வைத்தபோதும் அது பிழையாய்ப் போகவில்லை. அதுதான் எனக்கு வந்த கஷ்டம். சொந்தக்காரர் மத்தியில் இந்தக் கதை வேறு வேறு மாதிரி உலாவுகிறபடியால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் மனைவி முப்பது வருடம் கடையில் நின்றவள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டது. எங்கேயாவது ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டும், யாரும் வந்து ஒன்றும் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லிச் சொல்லி, கடைசியில் எங்கள் மகள்தான் அந்த வீட்டைப் பிடித்துத் தந்தாள். ஹோட்டல் இல்லை. ஸ்பெயினில், கடற்கரையில் இருந்து உள்ளே காரில் இரண்டு மணித்தியாலம் ஓட வேண்டிய இடத்தில், ஒரு பண்ணை வீடு. வயதான ஒரு பெண் நான்கு அறையை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறாராம். மகள் படத்தைக் காட்டினாள். எனக்கு அந்தப் படத்திலேயே நம்பிக்கை வரவில்லை. சுற்றிவரப் பத்து மைலுக்கு ஒரு வீடு இல்லாத இடத்தில் ஒருவர் ஏன் விருந்தாளியைத் தேடுகிறார் என்று கேட்டேன். மகள் தாயைப் பார்த்தாள்.

மனைவிக்கு என்னைத் தெரியும். இந்தியாவுக்குப் போனபோது ஓட்டோக்காரன் ஒருவனோடு பொலிஸ் நிலையம் வரை போனேன். கனடாவில் அவளுடைய அண்ணன் வீட்டில், சூட்கேசின் பூட்டை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கலியாண வீட்டையே அமைதியாக்கினேன். இரண்டு இடத்திலும் என் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அவள் இரண்டு தரமும் அழுதுகொண்டு திரும்பினாள். கட்விக் விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லுறன். அங்கை போயும் ஆரையாவது கள்ளர் எண்டு பிடிக்கத் தொடங்கினீங்கள் எண்டால், இனி உங்களோடை நான் ஒரு இடமும் வரமாட்டன். சாகும்வரைக்கும் வரமாட்டன்.”

சரி என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இன்னொரு தரமும் சரி என்றேன். அவள் பகிடிக்குச் சொல்லுகிறவள் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தோம். சிவந்த மண், கல்லுக் கல்லாய்க் கிடக்கும் தரை, வரிசை வரிசையாய் வாதுமை மரமும் ஒலிவ் மரமும். வீடு தடித்த கல்லுச் சுவர் வீடு. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரையும் காணவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சூட்கேசோடு கூடத்தில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வீட்டுக்கார அம்மா தோட்டத்துப் பக்கத்தால் வந்தார். எழுபது வயது இருக்கும். கையில் ஆம்பிளைகள் கட்டும் பெரிய மணிக்கூடு, காலில் றப்பர் சப்பாத்து, மடியில் கத்தரிக்காய். என் மனைவி கத்தரிக்காயைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார். அவர்களுடைய சிநேகிதம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நேரம் இந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்திருக்கலாம்.

எங்கள் அறைக்குப் பூட்டு இல்லை. திறப்புத் துவாரமே இல்லை. ஒரு மரக் கைப்பிடி மட்டும். வேறு அறைகளில் அன்றைக்கு ஒருவரும் இல்லை.

பிறகு அந்த அம்மா பாஸ்போர்ட்டைக் கேட்டார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். போனில் அவர் பேச, போன் அதை இங்கிலிஷில் சொல்லியது. தங்குகிற எல்லாருடைய விபரத்தையும் பொலிசுக்கு அனுப்ப வேண்டுமாம். தனக்குக் கொம்பியூட்டர் வராதாம். திங்கட்கிழமை தம்பி வருவானாம், அவன் அனுப்புவானாம், அதுவரைக்கும் தான் பத்திரமாய் வைத்திருப்பாராம். யோசிக்க வேண்டாமாம்.

இதே கதையை நான் முன்பு ஒருதரம் கேட்டிருக்கிறேன். ஊரை விட்டு லண்டனுக்கு வருகிற வழியில், பாங்கொக்கில், பதினொரு பேர் படுத்த ஓர் அறையில் எங்களைக் கடத்திவிடுகிற ஏஜென்ட் வந்து எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கினான். தம்பி வருவான், நாளைக்குத் தருவான், யோசிக்காதையுங்கோ என்றான். அந்த நாளை வருவதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் தெருவில் ஒரு பொலிஸ் தொப்பியைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்ததும் என் பாஸ்போர்ட் இல்லை, வேறு ஒருவனுடையது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி என் பிள்ளைகளுக்கே நான் முழுதாய்ச் சொன்னதில்லை. கடன்காரர், கவுன்சில்காரர், வரிக்காரர் ஒருவருக்கும் பயப்படாத ஆள் நான். ஆனால் பாஸ்போர்ட் என் உடம்பில் படாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது. எங்கே போனாலும் மனைவியுடையதையும் சேர்த்து இரண்டையும் ஒரு துணிப் பட்டியில் வைத்து, சட்டைக்குள் வயிற்றோடு கட்டியிருப்பேன். பட்டியைத் தைத்துத் தந்தவள் அவள்தான்.

பட்டியில் இருந்து நான் கையை எடுக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். காரில் சொன்னபோது இருந்த அதே முகம். அவிழ்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா கூடத்து மேசையின் லாச்சியை இழுத்து, இரண்டையும் அதற்குள் இருந்த ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினார். லாச்சிக்கும் பூட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா போனை நீட்டி, இன்றைக்கு வெளியே போவீர்களா, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டார். அது ஏன் அவருக்கு? ஒன்பது மணிபோல வெள்ளை வான் ஒன்று வாசல் படலையில் வந்து நின்றது. ஒருவன் இறங்கி எதையோ மதிலில் வைத்துவிட்டு, வீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான். நான் வானின் இலக்கத்தை விமானச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“என்ன எழுதுறியள்?”

“ஒண்டுமில்லை.”

“அது பாண்காரன்.”

போய்ப் பார்த்தால் மதிலில் அப்போதுதான் சுட்ட பாண் இருந்தது உண்மைதான். பாண் கொடுக்க வந்தவன் வீட்டை ஏன் பார்த்தான் என்ற கேள்வி மட்டும் எனக்குள் அப்படியே கிடந்தது.

அவள் அன்றைக்கு எப்படி இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு பெண்களும் மரத்துக்குக் கீழே இருந்து வாதுமைக் கொட்டை உடைத்தார்கள். ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர் ஸ்பானிஷில் சொல்ல, நடுவில் போனும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். என் மனைவி அவரை அக்கா என்று கூப்பிட்டாள். அந்த அம்மா அதற்கு ஓம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் என்னுடைய மனைவி தூள் போட்டுக் கத்தரிக்காய்க் கறி வைத்தாள், நாங்கள் எங்கே போனாலும் மிளகாய்த்தூளும் சின்ன ரைஸ் குக்கரும் கூடவே வரும். அந்த அம்மா மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் அந்த வீடே படுத்துவிட்டது. இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை அங்கே ஒருவரும் அசைவதில்லை. மனைவியும் காலை நீட்டிப் படுத்தாள். பட்டப்பகலில் அவள் நித்திரை கொண்டதை நான் முன்பு கண்டதில்லை. முகம் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. பார்க்க எனக்கு நல்ல சந்தோஷம். ஆனாலும் எழும்பிப் போனேன்.

வெறுங்காலோடு கூடத்துக்கு வந்தேன். அந்த அம்மாவின் அறையில் இருந்து குறட்டை கேட்டது. லாச்சியை இழுத்தேன். தகரத்தைத் திறந்தேன். இரண்டும் இருந்தன. எடுத்துப் பட்டியில் வைத்துக் கட்டினேன். களவு இல்லை, என்னுடையதை நான் எடுத்தேன். தகரத்தை மூடி, லாச்சியைத் தள்ளி, எல்லாம் இருந்தபடி வைத்தேன்.

அப்போதே போய் அந்த அம்மாவை எழுப்பி, அம்மா, நான் இதை எடுத்துவிட்டேன், தம்பி வந்தால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு இதை எழுதும்போது அது எவ்வளவு லேசான காரியம் என்று தெரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் என் மனம் கடைக்காரனின் மனமாய் வேலை செய்தது. பெட்டியில் இரண்டு குறைகிறது. பார்ப்போம், என்ன சொல்லுகிறார் என்று. நல்ல ஆள் என்றால் நேரே வந்து சொல்லுவார். கள்ளி என்றால் தம்பி கொண்டுபோய்விட்டான், நாளைக்கு வரும் என்று கதை விடுவார். அப்போது பிடிக்கலாம். மனைவிக்கும் காட்டலாம். அன்றைக்கு இரவு நல்லாய் நித்திரை கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பிக்காரன் வந்தான். பக்கத்துச் சின்னப் பட்டணத்தில் ஆணி, பூட்டு, குழாய்ச் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறவன் என்று பிறகு அறிந்தேன். அந்த அம்மா லாச்சியை இழுத்தார். தகரத்தைத் திறந்தார். கவிழ்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. தம்பியோடு கூடிக் கதைக்கவும் இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது. போனை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சொன்னது ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. பாஸ்போர்ட்டைக் காணவில்லை, பிழை என்னுடையது என்கிறார். முப்பது வருடத்தில் நான் வைத்த பரீட்சையில் இவ்வளவு சுத்தமாய்ப் பாஸ் பண்ணினவரை நான் கண்டதில்லை.

 சொல்லுவோம், இப்போது சொல்லுவோம் என்று நினைக்க நினைக்க நேரம் போனது. முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால் பகிடி. பத்தாவது நிமிடத்தில் அவமானம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா மேசையைப் புரட்டினார். அலுமாரியைப் புரட்டினார். குசினியில் கோதுமை மா வாளியைத் தரையில் கொட்டி, கையால் அளைந்து தேடினார். என் மனைவி அந்த முழங்காலோடு தரையில் குந்தி அவரோடு சேர்ந்து மாவை அளைந்தாள். நான் கோழிக்கூட்டுப் பக்கம் போய்த் தேடுவதுபோல நின்றேன். வயிற்றில் கட்டியிருந்த பட்டியைச் சட்டைக்கு மேலால் பிடித்துக்கொண்டேன்.

தம்பிக்காரன் கூடத்தில் நின்று தமக்கையை ஏசினான். அவர் தலை குனிந்துகொண்டு நின்றார். மனைவிக்குப் பொறுக்கவில்லை, மகளுக்குப் போன் எடுத்தாள். மகள் பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவள். ஸ்பீக்கரில் போட்டு அவர்களோடு கதைத்துவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். தம்பிக்காரன் சொல்லுகிறானாம், இது பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம், உனக்கு இனி இது ஏலாது, இந்தச் சீசனோடு வீட்டை மூடு என்று. அந்த அம்மா வீட்டை மூடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். லண்டன்காரர் வீட்டுக்குத் திரும்ப ஏலாமல் போகுமே, முதலில் பொலிசுக்குப் போய்த் தன்னுடைய பிழை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறாராம்.

“அம்மா, அவ அழுறா,” என்றாள் மகள். “அவவை ஒண்டும் ஏசவேண்டாம் எண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ. பாவம்.”

“அவர் ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு, “நல்ல மனிசனாய்ப் பேசாமல் நிக்கிறார்,” என்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாய் ஏசியிருக்கிறார்கள். ஒன்றும் இந்தப் புகழ்ச்சியைப் போல உள்ளே இறங்கவில்லை.

அந்த அம்மா றப்பர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சேர்ச்சுக்குப் போடுகிற மாதிரியான கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். தம்பிக்காரன் வானின் கதவைத் திறந்தான். என் மனைவி தானும் கூடப் போகிறேன் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். என்னையும் வரச் சொன்னாள். நாங்கள் நால்வரும் முற்றத்தில் நின்றோம். அவர் ஒரு காலைத் தூக்கி வானில் வைத்தபோது நான் சட்டையை உயர்த்தினேன்.

பட்டியை அவிழ்த்து இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்து நீட்டினேன்.  மனைவி பட்டியைத்தான் பார்த்தாள்.

“எப்ப எடுத்தனீங்கள்?”

“நேற்று மத்தியானம். நீர் நித்திரையாய் இருக்கேக்கை.”

“அப்ப காலமை அவ மாவைக் கொட்டித் தேடேக்கை, உங்கடை வயித்திலை இருந்ததோ?”

“ஓம்.”

“நான் நிலத்திலை இருந்து தேடேக்கையும்?”

“ஓம்.”

 ஏஜென்ட்டின் கதையை நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தக் கதையை அவள் என்னைவிட நன்றாய் அறிந்தவள்.

அந்த அம்மா பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்து, படத்தையும் எங்களுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் சரிதான் என்று தெரிந்ததும் வானின் படியில் பொத்தென்று குந்திவிட்டார். என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசட்டும் என்றும் விரும்பினேன். அவர் சப்பாத்தைக் கழற்றித் தன் கால் விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். தம்பிக்காரன் எங்களுடைய விபரங்களைத் தன்னுடைய போனில் அந்த இடத்திலேயே பதிந்து அனுப்பினான். முழுதும் ஐந்து நிமிட வேலை. அனுப்பி முடித்ததும் அந்த அம்மா இரண்டையும் என் கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையால் மடித்து மூடிவிட்டார்.

பின்னேரம் தம்பிக்காரன் மறுபடி வந்தான். கையில் துளை போடும் மெஷின். எங்கள் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு புதுத் தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டுப் போனான். நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாள். அந்த அம்மா கொண்டுவரச் சொன்னாராம். கேலிக்குச் செய்தார் என்று முதலில் நினைத்தேன். ஆளின் கண்ணைப் பார்த்தேன். கேலி இல்லை. அன்றைக்கு இரவு படுக்கும்போது அதைப் போடுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்து மனைவி சொன்னாள்:

“அதிலை கை வைக்காதையுங்கோ.”

மிச்ச நாட்களில் அவள் அந்த அம்மாவோடுதான் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் தட்டு வந்தது, குறைவில்லாமல் வந்தது. வாதுமைத் தோட்டத்துக்குள் நான் தனியாய் நடந்தேன். போன் எடுத்துக் கடைகளை விசாரித்தேன். மூன்றும் நான் இல்லாமலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புறப்படும் காலையில் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைக் காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

விமான நிலையத்தில், பாஸ்போர்ட் பார்க்கிற வரிசையில் நிற்கும்போது மனைவி கையை நீட்டினாள்.

“என்ரையைத் தாங்கோ.”

முறை வரும்போது நான் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பேன், எப்போதும் அப்படித்தானே என்றேன்.

“தாங்கோ. இனி என்ரையை நான் வைச்சிருக்கிறன்.”

கலியாணம் கட்டி அவளை லண்டனுக்குக் கூப்பிட்ட நாளில் இருந்து அவளுடைய பாஸ்போர்ட் என்னிடம்தான் இருந்தது. அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பதும் தெரியாது. பத்திரத்துக்குத்தான் வைத்திருந்தேன். அந்த வீட்டுக்கார அம்மாவும் பத்திரத்துக்குத்தான் வைத்திருந்தார், ஒரே ஒரு நாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பையில் போட்டு ஸிப்பை இழுத்து மூடினாள். வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்று, தன்னுடையதைத் தானே நீட்டினாள்.

இந்த வருடம் அவள் அதே வீட்டுக்குப் பத்து நாள் போனாள், தங்கச்சியோடு. என்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. நானும் கடையில் வேலை இருக்கிறது என்று முந்திச் சொல்லிவிட்டேன். கட்விக்கில் இறக்கிவிட்டபோது தங்கச்சிக்காரி, அத்தான், நீங்களும் வந்திருக்கலாம் என்றாள். மனைவி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கைப்பையில் மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று வெளியே தெரிந்தது. அந்தப் பத்து நாளும் வீட்டில் நான் மட்டும்தான். அவளுடைய பாஸ்போர்ட்டை வீட்டில் இருக்கும்போது எங்கே வைக்கிறாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அலுமாரியைத் திறந்து பார்க்க எனக்கு நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.